சோப்பு அடைத்த கார்புரேட்டர்

எதிர்வீட்டுக்காரன் பழைய பைக்கின் கார்புரேட்டரில் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "லீக் நின்னுடும்க்கா" என்றான். "மழையில நிக்குமாடா?" என்று கத்திவிட்டேன். அந்தப் பெட்ரோல் நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தினேன்.

சின்ன வயதில் நாங்கள் இருந்த தீவுக் கிராமமான சௌல்தாரியில் அப்பாவின் மோட்டார்சைக்கிளும் இப்படித்தான் ஒழுகும். கார்புரேட்டர் கிண்ணத்தின் வாஷர் தேய்ந்திருந்தது, புதியது மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும், வந்தாலும் அளவு தப்பாகவே வரும் என்பதால், தினமும் காலையில் துணிசோப்பைச் சுரண்டி, எச்சில் தொட்டுப் பிசைந்து, கிண்ணத்தைச் சுற்றி அப்புவார். பெட்ரோலில் சோப்பு கரையாது, உண்மைதான். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை கொட்டுகிற தீவில் இருக்கிறோம் என்பதை அந்த மனுஷன் யோசிக்கவே இல்லை.

ஒருநாள் தங்கச்சி மேரிக்கு ஜுரத்தில் வலிப்பு வந்தது. "ஆஸ்பத்திரிப் பக்கம் போற லாரி இப்ப வந்துருங்க" என்றாள் அம்மா.

"லாரிக்காரன் உன் மாமனா, காத்திருக்க? ஏறு."

வீட்டில் தனியாக விட முடியாமல் என்னையும் டேங்க் மேல் உட்கார வைத்தார். வழியில் மழை பிடித்தது. என் காலடியில் சோப்பு நுரைத்து வழிந்தது, அதோடு பெட்ரோலும் வழிந்தது. டேங்க் காலியாகி வண்டி நின்றது. அப்பா பையிலிருந்து சோப்பை எடுத்து, ஒழுக ஒன்றுமில்லாத கிண்ணத்தில் மறுபடியும் அப்பினார்.

வேண்டாமென்ற லாரிதான் பின்னால் வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் மேரிக்கு மூச்சு இல்லை. அப்பா கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றாள் அம்மா. "கையெல்லாம் சோப்பு."