வெள்ளி கழித்த எடை

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பத்து மணிக்கு எங்கள் பிள்ளையை எடை போட ஒரு நர்ஸம்மா வீடு தேடி வருவார். நாங்கள் கூப்பிடவில்லை, காசும் கொடுக்கவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு நகரசபையே ஆள் அனுப்புவது டென்மார்க்கில் வழக்கம். தூத்துக்குடியில் முனிசிபாலிட்டி ஆள் வாசலுக்கு வந்தால் வரி கேட்க வந்திருப்பார், இல்லையென்றால் கொசு மருந்து அடிக்க வந்திருப்பார். அந்தப் பழக்கத்தில் முதல் நாள் நான் கதவைப் பாதிதான் திறந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் கப்பல் இஞ்சின் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். புதுத் துறைமுகத்துக்கு அப்போதுதான் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் கடலிலேயே நிற்கும். தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். அப்படி ஏறிப்போய் ஒரு டென்மார்க் கப்பலில் ஒரு வாரம் தங்கி இவர் இஞ்சினைச் சரிசெய்து கொடுத்தார். அந்தக் கப்பல் இஞ்சினியருக்கு இவர் கைவேலை பிடித்துப்போய், ஓஹூஸ் என்ற துறைமுக நகரத்தில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சொல்லிவிட்டார். நான் அப்போது பள்ளிக்கூட டீச்சர். மகளுக்கு நாலு மாதம்.

நாசரேத்தில் இருந்த என் அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போளா. நீங்க ரெண்டு பேரும் போயி ஒரு நிலைக்கு வாங்க. ஒரு வருசம் கழிச்சு வந்து தூக்கிட்டுப் போ" என்றாள்.

"உன் பிள்ளைகள நீ வளர்த்த. என் பிள்ளைய எனக்கு வளர்க்கத் தெரியும்" என்று சொன்னேன். வீட்டில் எல்லாரும் இருக்கும்போதுதான் சொன்னேன். நாங்கள் புறப்பட்ட அன்று அம்மா பிள்ளையின் நகைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான்.

எங்கள் சபையில் நகைக்கு எதிரான பிரசங்கத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் பச்சைப்பிள்ளைக்கு வெள்ளி போடுவதை எந்தக் குருவானவரும் தடுத்து நான் பார்த்ததில்லை. என் தம்பி தாய்மாமன் முறைக்கு அரைஞாணும் கொலுசும் போட்டிருந்தான். மாமியார் வீட்டில் காப்பும் கனமான தண்டையும் போட்டார்கள். பெரியம்மா இன்னொரு ஜோடிக் கொலுசு கொடுத்திருந்தார்.

நவம்பரில் வந்து இறங்கினோம். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. பனியைப் பார்த்தால் உப்பளம் ஞாபகம் வருகிறது என்று ஊருக்கு எழுதினார் என் வீட்டுக்காரர். எனக்கு ஒரு ஞாபகமும் வரவில்லை. உப்பளத்தில் வெயில் இருக்கும், ஆள் இருக்கும், சத்தம் இருக்கும். இங்கே மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். எதிர்வீட்டுப் பிள்ளையை அதன் தாய் கம்பளிக்குள் சுருட்டி, தள்ளுவண்டியில் போட்டு, அந்தக் குளிரில் வெளியே தூங்க வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அது மூக்கு சிவக்கத் தூங்கி எழுந்து சிரிக்கும். என் பிள்ளை கணப்புப் பக்கத்தில் கிடந்து அழும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நர்ஸம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மெதுவாக, யோசித்து யோசித்து ஆங்கிலம் பேசுவார். பையிலிருந்து கொக்கித் தராசு ஒன்றை எடுத்தார். திரேஸ்புரத்தில் மீன் நிறுப்பார்களே, அந்த மாதிரிதான். துணியில் பிள்ளையைத் தொட்டில் கட்டி அதில் தொங்கவிட வேண்டும். உடுப்பெல்லாம் கழற்றிவிட்டு, அரைஞாணையும் கொலுசையும் தொட்டுக்காட்டி, இதைக் கழற்றலாமா என்று கேட்டார்.

அரைஞாணைக் கழற்றிப் பிள்ளையின் இடுப்பை வெறுமையாக விட எனக்கு மனசு வரவில்லை. "எங்கள் வழக்கம்" என்றேன். அவர் உடனே கையை எடுத்துக்கொண்டார். மரியாதை தெரிந்த மனுஷி. அப்படியே நிறுத்துப் பார்த்து, ஐந்து கிலோ தொள்ளாயிரம் என்று ஒரு அட்டையில் எழுதினார். அந்த எண்ணை அன்றைக்கே அம்மாவுக்கு எழுதிப் போட்டேன்.

அடுத்த செவ்வாய் நூற்றைம்பது கிராம் குறைந்திருந்தது.

எனக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது. ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு அம்மா பால்சுறா வாங்கி அவித்துப் புட்டு செய்து போட்டாள், பூண்டும் கருப்பட்டியும் போட்டாள். இங்கே கறுப்பு ரொட்டி. புளித்த வாடை அடிக்கும். இரண்டு வாய்க்கு மேல் எனக்கு இறங்காது. இவர் மீன் வாங்கி வருவார். முள் இல்லாமல், தலை இல்லாமல், என்ன மீன் என்றே தெரியாமல் வெள்ளையாக ஒரு துண்டு. அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். நர்ஸம்மா சொன்ன பால்மாவைப் புட்டியில் கரைத்துக் கொடுத்தால் பிள்ளை நாக்கால் தள்ளிவிடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு என் மார்பைத் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது.

அந்த வாரம் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி என் வீட்டுக்காரர் ஒரு சேதி சொன்னார். "இங்கன பிள்ளைய ஒழுங்கா வளர்க்கலன்னு தெரிஞ்சா கவர்ன்மென்ட் எடுத்துட்டுப் போயிருமாம்ளா. பட்டறையில ஒருத்தன் சொல்லுதான்." வாய்க்கு வந்த ஊர்க்கதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டார். நான் சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

எடுத்துக்கொண்டு போய்விட்டால் நான் எந்த முகத்தோடு நாசரேத்துக்குத் திரும்புவேன்? அம்மாவிடம் விட்டிருந்தால் பிள்ளை கொழுகொழுவென்று இருந்திருக்கும். எனக்கு வளர்க்கத் தெரியும் என்று சொன்ன வாய்க்கு இப்போது என்ன பதில்? பிள்ளையைப் பற்றிய பயமும் அம்மாவைப் பற்றிய வீம்பும் எனக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எது எவ்வளவு என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

மூன்றாவது செவ்வாய் காலையில் மஞ்சள் பையை எடுத்தேன். காப்பையும் தண்டையையும் பிள்ளைக்குப் போட்டேன். தண்டை லொடலொடவென்று கழன்று வந்தது. உள்ளே துணியைச் சுற்றி இறுக்கினேன்.

நர்ஸம்மா பார்த்தார். "இதுவும் வழக்கமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஐந்து கிலோ தொள்ளாயிரத்து இருபது. அவர் முகம் மலர்ந்துபோயிற்று. என் தோளைத் தட்டிக்கொடுத்தார். சிரித்துக்கொண்டே நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

நான்காவது வாரம் பெரியம்மாவின் கொலுசும் ஏறியது. ஐந்து கிலோ தொள்ளாயிரத்து அறுபது என்று அட்டையில் ஏறியது. "கிட்டத்தட்ட ஆறு கிலோ" என்று அம்மாவுக்கு எழுதினேன். எழுதும்போது எனக்கே அது உண்மைபோல இருந்தது. பட்டறையில் இருந்து வந்த இவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "என்னளா, கோயில் கொடை பாக்கவா போற? இத்தன நகை போட்டிருக்க" என்று சிரித்தார். நர்ஸம்மா வருகிற நாள், பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்றேன். அவர் நம்பினார். கெட்டிக்காரர்தான், இஞ்சின் சத்தத்தை வைத்து எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். பிள்ளையின் அழுகை வரவர மெலிந்ததை மட்டும், பிள்ளை சமர்த்தாகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார்.

நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

ஆறாவது செவ்வாய் என் சொந்தக் கொலுசுகளையும் எடுத்தேன். கல்யாணத்துக்குப் போட்ட கனத்த கொலுசு. இரண்டாக மடித்துப் பிள்ளையின் இரண்டு காலிலும் சுற்றினேன். அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். தராசு முள் ஆறு கிலோவில் நின்றது.

நர்ஸம்மா அட்டையில் எழுதினார், அடியில் ஒரு கோடு போட்டார். "நன்றாக ஏறிவிட்டாள். இனி வாரா வாரம் தேவையில்லை. ஒரு மாதம் கழித்து வருகிறேன்" என்றார். பையை மூடினார், தொப்பியை மாட்டினார், போய்விட்டார்.

ஒரு மாதம். கதவு சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் என் பிள்ளைக்காக வந்துகொண்டிருந்த ஒரே ஆளை நானே ஏமாற்றித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிள்ளையைத் தூக்கினேன். கழுத்து என் கையில் தொய்ந்தது. ஒரு மாதம் இவள் தாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது முன்னமே தெரிந்துதான் இருந்தது.

தண்டை, காப்பு, கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் பிடுங்கினேன். ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த இவர் பக்கத்தில் பிள்ளையைப் போட்டுவிட்டு, வெள்ளியை முந்தானையில் அள்ளிக்கொண்டு படியில் ஓடினேன். காலில் செருப்பு இல்லை. கீழே நர்ஸம்மா சைக்கிள் கேரியரில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஆங்கிலத்தில் பாடம் நடத்தியவள். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வெள்ளியை அப்படியே அவர் கையில் கொட்டினேன். அவர் பதறிப்போய், "வேண்டாம், வேண்டாம். நாங்கள் பரிசு வாங்கக் கூடாது" என்று என் கையிலேயே திணித்தார். நான் மறுபடி நீட்ட, அவர் மறுபடி தள்ள, இரண்டு கொலுசு பனியில் விழுந்தன. கேரியரில் இருந்த பையை நானே அவிழ்த்தேன். தராசை வெளியே எடுத்து, முந்தானையோடு வெள்ளியை முடிந்து கொக்கியில் மாட்டிக் காட்டினேன்.

அவர் முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நகரசபைக்கார முகம் போய், வேறு ஒரு முகம் வந்தது. எனக்கு முன்னால் படியேறினார். ஐம்பது வயதுக்காரர் இரண்டு இரண்டு படியாக ஏறினார்.

சத்தம் கேட்டு எழுந்து வந்த இவர், "என்னளா ஆச்சு? எதுக்கு அழுத?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். நர்ஸம்மா பிள்ளையை வெறும் உடம்போடு நிறுத்துப் பார்த்தார். ஐந்து கிலோ முந்நூற்று எண்பது. இவர் அந்த எண்ணைப் பார்த்தார், மேசையில் கிடந்த வெள்ளியைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருக்கலாம்.

கீழ்வீட்டு டெலிபோனில் நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டு வந்தார். வண்டி வருகிற வரைக்கும் மேசையில் உட்கார்ந்து, எந்த வாரம் எதைப் போட்டேன் என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவர் நிறுத்துப் பார்த்து, அட்டையில் பழைய எண்ணை அடித்து, பக்கத்தில் பென்சிலால் சரியான எண்ணை எழுதினார். ஒரு வாரம்கூட ஏறவில்லை. ஆறு வாரமும் இறக்கம்தான். முடித்ததும் வெள்ளியைத் துடைத்து மஞ்சள் பையில் போட்டு என்னிடம் தந்தார்.

பிள்ளையை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், பகல் முழுக்க இருக்கலாம் என்றார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் பால் இறக்கினார்கள். நான் பயந்தது எதுவும் அங்கே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பத்தாம் நாள் இவர் ஒரு பார்சலோடு வந்தார். துணி வைத்துத் தைத்து, தையல்மேல் அரக்கு ஒட்டிய பார்சல். அம்மாவின் கையெழுத்து. உள்ளே ஒரு ஜோடிப் புதுக் கொலுசும் ஒரு கடிதமும் இருந்தன.

"கிட்டத்தட்ட ஆறு கிலோன்னு நீ எழுதினத நம்ம சபைப் பெண்கள் சங்கத்துல எல்லார்ட்டயும் வாசிச்சேன். நீ சொன்னது சரிதான், உனக்கு வளர்க்கத் தெரிஞ்சிருக்கு. நான்தான் கிடந்து பயந்துட்டேன். பழைய கொலுசு இந்நேரம் காலப் பிடிச்சிருக்கும். அடுத்த அளவு செஞ்சு அனுப்பியிருக்கேன். போட்டுப் பாத்து, சரியா இருக்கான்னு எழுது."

போட்டுப் பார்த்தேன். கணுக்காலில் நிற்கவில்லை. மேலே தள்ளினேன். முழங்காலைத் தாண்டி, தொடை வரைக்கும் தடங்கல் இல்லாமல் போயிற்று. இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, அம்மாவுக்கு எழுத மடிமேல் ஒரு தாளை விரித்தேன். அன்று காலையில்தான் வார்டில் எடை போட்டிருந்தார்கள்.

"அம்மா, கொலுசு பெரிசு. இதுவரைக்கும் நான் எழுதினது எல்லாம் வெள்ளியோட சேத்த எடை. இன்னைக்கு எழுதுறதுதான் பிள்ளையோட எடை. ஐந்து கிலோ நானூற்று இருபது. உடம்புல ஒரு நூல்கூட இல்லாம நிறுத்தது. இத சங்கத்துல வாசி."