மலைக்கு வந்த ஆலா

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை, சுகாதார நிலையத்தின் கதவை நான் திறப்பதற்கு முன்பே சாமை பயிரிடும் அக்கா ஒருவர் வந்து நின்றிருந்தார். ஜவ்வாது மலையில் நான் செவிலியராகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவருடைய இரண்டு பிரசவங்களும் என் கையில்தான் நடந்தன. மழைக்குத் தலையில் கோணிப்பை, மார்போடு சேர்த்து ஒரு துண்டுச் சுருள்.

“இன்னாக்கா, யாருக்கு இன்னா ஆச்சு?” என்றேன்.

“யாருக்கும் ஒண்ணும் ஆவலீங்க நர்சம்மா. சாமைக் கொல்லைல இது கெடந்துச்சு. காக்காவும் இல்ல, புறாவும் இல்ல.”

துண்டைப் பிரித்தேன். காக்கை அளவில் ஒரு பறவை. முதுகு கன்னங்கரேல், வயிறும் நெற்றியும் வெள்ளை, வால் கத்தரிக்கோல் போலப் பிளந்திருந்தது. காயம் எதுவும் இல்லை. தூக்கிப் பார்த்தால் கையில் கனமே தெரியவில்லை. அந்த நிலையிலும் என் விரலைக் கொத்தியது.

மதியம்தான் செல்போனுக்கு உயிர் வந்தது. என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்தி பழவேற்காட்டில் கடற்பறவைகளைக் கணக்கெடுக்கிறாள். அவளுக்குப் படம் அனுப்பிய உடனே கூப்பிட்டாள்.

“ஏய், இது ஆலாடி! நடுக்கடல்ல திரியறது. முட்டை வைக்கத்தான் தரைக்கே வரும். காத்து தூக்கினு வந்து உங்க மலைல போட்டிருக்கு. தண்ணித் தொட்டியில மட்டும் வுட்டுடாத. கடல் பறவைதான், ஆனா எறகு ஊறிச்சுன்னா அவ்ளோதான்.”

“தின்ன இன்னா குடுக்கறது?”

“மொதல்ல தண்ணிச்சத்து. உங்கிட்ட ஓஆர்எஸ் இருக்குமே?”

வயிற்றுப்போக்குக்கு வரும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பொட்டலம்தான். கரைத்து, ஊசியைக் கழற்றிய சிரிஞ்சால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். அக்கா இரண்டு கையாலும் அதன் இறக்கைகளை அணைத்துப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் அவருடைய கணவர் ஓடையில் பிடித்த சின்ன மீன்களைக் கொண்டுவந்தார். முதல் மீனைத் துப்பியது. இரண்டாவதையும் துப்பியது. மூன்றாவதை விழுங்கியபோது நாங்கள் மூன்று பேரும் சத்தம் போடாமல் சிரித்துக்கொண்டோம்.

இரண்டு நாள் மருந்து அட்டைப்பெட்டியில் இருந்தது. பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்தால் கடலோரம் விட்டுவிடலாம் என்றாள் தோழி. வனக்காவலரிடம் சொன்னேன். எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துப் போகச் சொன்னார். அமிர்திப் பாதையில் மண் சரிந்திருந்ததால் போளூர் வழியாக இறங்குவது என்று முடிவானது. அக்கா தானும் வருவதாகச் சொன்னார்.

“கொல்லைல வேலை இல்லியா?”

“சாமை மொத்தமும் சாஞ்சு கெடக்குது. ஈரம் காயாம உள்ள காலு வைக்க முடியாது. இதையாச்சும் கொண்டு சேத்துட்டு வர்றேன்.”

பேருந்தில் நடத்துநர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். “இன்னாம்மா இது, கோழியா?”

“கடல் பறவைங்க,” என்றார் அக்கா.

“மலைல ஏதும்மா கடலு?”

“அதான் கொண்டு போறோம்.”

சென்னையில் தோழி ஜீப்போடு காத்திருந்தாள். வடக்கே போகும் வழியெல்லாம் பறவைகளைப் பற்றியே பேசினாள். வலசை வரும் ஆலாக்கள் வரும் நாளும் போகும் நாளும் அவள் குறிப்பேட்டில் வருடத்துக்கு வருடம் நகர்கின்றனவாம். கடல் மேல்மட்டம் சூடானால் மீன் ஆழத்துக்குப் போய்விடுகிறது. மீனைத் தேடிப் பறவைகள் இன்னும் தூரம் போகின்றன. பழவேற்காட்டிலேயே முட்டையிடும் சிற்றாலாக்கள், அலை ஏறி முட்டைகளை அடித்துப்போன பிறகு, மணல் திட்டை விட்டு உப்பளத்து வரப்பு மேல் முட்டையிடத் தொடங்கிவிட்டன.

“எல்லாம் பழக்கத்த மாத்திக்குதுங்க,” என்றாள்.

அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். “நாங்களும்தான் மாத்திக்கினோம். ஆடில மழை வர்றதில்லன்னு வெதைப்ப ஆவணிக்குத் தள்ளினோம். ஆனா இந்த வருசம் ஆடில போட்டவங்கல்லாம் அறுத்து வூட்டுக்குக் கொண்டு போய்ட்டாங்க. எங்குளுது கதிரு முத்தி நிக்கறப்போ புயலு வந்து சாச்சுடுச்சு.” மடியிலிருந்த பெட்டியை நேராக்கிக்கொண்டு, “மாத்துனா மட்டும் போதாதும்மா,” என்றார்.

தோழி வண்டியை ஓரமாக நிறுத்தி மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்தாள்.

கடற்கரைக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. பெட்டியைத் திறந்து ஆலாவை ஈரம் இல்லாத மணலில் விட்டோம். அது அப்படியே உட்கார்ந்திருந்தது. கால் மணி நேரம் அசையவே இல்லை. நான் பயந்துபோனேன்.

“காத்து போதல. மேட்டுக்குத் தூக்கினு போலாம்,” என்றார் அக்கா. சாமை தூற்றுகிறவர்கள் காற்றை அறிவார்கள். அவரே தூக்கிக்கொண்டு மணல்மேட்டின் மேல் ஏறி, புடவைத் தலைப்பு பறக்கும் திசையைப் பார்த்து, பறவையின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பிப் பிடித்து மெல்லக் கையை விரித்தார். இறக்கைகள் ஒருமுறை தடுமாறின. பிறகு அலைகளுக்குச் சற்று மேலே தாழ்வாகப் பறந்து, திரும்பாமல் போனது. கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தவரை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிழைத்ததா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

மலைக்குத் திரும்பியதும் அக்காவும் கணவரும் சாய்ந்த கதிரை முடிந்தவரை அறுத்தார்கள். பாதி முளைத்துப்போயிருந்தது, மாட்டுக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் கொல்லையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஆடியிலும் மறுபாதியை ஆவணியிலும் விதைத்தார்கள். அந்த வருடம் புயலே வரவில்லை. இரண்டும் விளைந்தன.

தடுப்பூசி போடும் நாளன்று ஒரு படி சாமையோடு வந்தார். “ரெண்டு தடவ அறுத்து இடுப்பே போச்சு நர்சம்மா,” என்று சொல்லிச் சிரித்தார். இடுப்பு வலிக்கு மாத்திரையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.