திருத்தாத ஒரு பிழை

டாக்குரியா நிலையத்தில் காலை ரயிலுக்குக் காத்திருக்கும்போது என் சகபயணி ஒருவர் மடிக்கணினியைத் திறந்துவிடுவார். கிடர்பூரில் கப்பல் அலுவலக வேலை. ஓய்வில், பழைய துப்பாக்கிச் சண்டை விளையாட்டொன்று புதிய கணினிகளிலும் ஓடும்படி அதன் நிரலைச் செப்பனிடுவார்.

ஒருநாள் திரையில் ஓர் அரக்கன் பாதி சுவருக்குள் சிக்கி நின்றான்.

"இந்தத் தப்பைச் சரிபண்ணலையா?" என்றேன்.

"சரிபண்ணினா எங்கண்ணன் செத்துடுவான் சார்."

"எப்படி?" என்றேன்.

"காலேஜ்ல அவன் ஜெயிச்ச ஆட்டத்தோட பதிவு இருக்கு. அதுல படம் கிடையாது, அவன் அழுத்தின பட்டன்கள் மட்டும்தான். அதை வச்சு கேம் திரும்ப ஆடிக்காட்டும். அரக்கன் வெளிய வந்தா, அதே பட்டன்களை அழுத்தியும் அண்ணன் அவன்கிட்ட அடிவாங்கிச் சாவான்."

"அண்ணன் இப்போ?"

"அலிப்பூர்ல வக்கீல். அப்படி ஒரு கேமே ஞாபகம் இல்லேங்கறான்."

ரயில் வந்தது. அன்றைய திருத்தத்துக்குப் பிறகும் அண்ணன் பிழைக்கிறாரா என்று அவர் பதிவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏறினேன். அவர் ஏறவில்லை.