மத்தியானத்தைத் தாண்டாத பேட்டரி

மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் செல்போன் கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று பதினோரு நாள் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். புது பேட்டரி என்று சொல்லிப் பழையதையே துடைத்து மாட்டியிருப்பார். இல்லையென்றால் காலையில் நூறு சதவீதம் காட்டிய போன் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஏன் செத்துப்போக வேண்டும்? பேட்டரி மாற்றும்போது கடையில் நின்று கண்கொட்டாமல் பார்த்தவள்தான் நான். ஆனால் நடுவில் ரீசார்ஜ் செய்ய வந்த ஒரு ஆள் எனக்கும் மேசைக்கும் நடுவில் நின்றுவிட்டார். அந்த அரை நிமிஷத்தில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம்.

நான் அப்படிப்பட்டவள்தான், மறைக்க ஒன்றுமில்லை. பால்காரர் ஊற்றுவதைக் குனிந்து பார்ப்பேன். கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துத்தான் இறக்கச் சொல்வேன். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். நிலத்தையும் வீட்டையும் நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். யாரையும் நம்பி விட்டுவிட்டு உட்கார எனக்கு வசதியில்லை.

போனில் அப்படி என்ன உயிர் இருக்கிறது என்று கேட்கலாம். எங்கள் போர்செட் மோட்டார் அந்தப் போனில்தான் ஓடுகிறது. கணவரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டபோது நிலம் இரண்டானது, போர் மட்டும் பொதுவில் நின்றது. ஒருநாள் எங்களுக்கு, மறுநாள் அண்ணன் வீட்டுக்கு என்று முறை. அந்த அண்ணன் இறந்து நாலு வருஷமாகிறது. அவர் மனைவி, என் ஓரகத்தி, தன் பாகத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார். மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் போன தடவை லீவில் வந்த கணவர் சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர் ஒன்றை மோட்டார் கொட்டகையில் மாட்டிவிட்டுப் போனார். கரண்ட் வந்ததும் அது நமக்கு மெசேஜ் அனுப்பும். போனில் அதன் ஆப்பைத் தொட்டால் மோட்டார் ஓடும், தொட்டால் நிற்கும்; பட்டன் போன் என்றால் ஒரு மெசேஜ் போதும். பதிவு செய்த நம்பர்களுக்கு மட்டும்தான் அது கட்டுப்படும். முதல் நம்பர் என்னுடையது, இரண்டாவது ஓரகத்தியுடையது. நம்பரைச் சேர்ப்பதும் நீக்குவதும் முதல் நம்பரின் அதிகாரம்.

இந்த வைகாசியில் குறுவைக்கு நாற்று விட்டிருந்தேன். ஆற்றுத் தண்ணீர் வந்து சேருவதற்குள் போர் தண்ணீரை வைத்து நாற்றைத் தயார் செய்துவிட வேண்டும். அந்த வெயிலில் ஒரு முறை தண்ணீர் தவறினால் நாற்றங்கால் வெடித்துவிடும். மறுபடி விதைவிட்டால் நடவு தள்ளிப்போகும், அறுப்பு நேரத்தில் மழை வந்து தலையில் உட்காரும். அந்த ஒரு பட்டம் போனால் எங்களுக்கு அந்த வருஷமே போனதுதான்.

நாற்று விட்ட நாலாம் நாள் அது ஆரம்பித்தது. அன்று என் முறை. அப்போது இருந்தது பழைய பேட்டரி, போன் அணைந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. சார்ஜ் போட்டுப் பார்த்தால், மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடியிருக்கிறது. போட்ட நம்பர் ஓரகத்தியுடையது. நேரே போய்க் கேட்டேன்.

"கரண்ட் வந்துச்சு. நீ போடலை. அதான் போட்டுவிட்டேன்" என்றார் அவர், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்க நாத்துக்கா போட்டீங்க?"

"பின்னே யாருக்கு?"

நாற்றங்காலில் தண்ணீர் நின்றதென்னவோ உண்மை. ஆனால் இரண்டு மணி நேரத் தண்ணீரும் அங்கேதான் போனது என்பதற்கு என்ன சாட்சி? வாய்க்கால் இரண்டு பேருக்கும் பொது. கண்ணைப் பார்க்காமல் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. வீட்டுக்கு வந்த கோபத்தில், ஸ்டார்ட்டரிலிருந்து அவர் நம்பரை நீக்கச் சொல்லி மெசேஜ் அனுப்பினேன். அனுப்பிய கையோடு போன் அணைந்துவிட்டது. சார்ஜ் ஏறிய பிறகு ஸ்டார்ட்டரின் மெசேஜ்கள் முப்பது நாற்பது மொத்தமாக வந்து விழுந்தன. கரண்ட் ஒரு தடவை மினுக்கினால்கூட ஒரு மெசேஜ் அனுப்பும் பிறவி அது. படிக்காமல் எல்லாவற்றையும் அழிப்பதுதான் என் வழக்கம், அன்றும் அழித்தேன். நம்பர் நீங்கியதா என்று பார்க்கவில்லை. நான் அனுப்பிய மெசேஜ் போகவில்லை போலிருக்கிறது, போகாததும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். அவசரப்பட்டதில் எனக்கே வெட்கம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் சந்தேகம் நன்றாக வேர்விட்டது. என் முறை நாளில் என் போன் அணைந்திருக்கும் நேரத்தில் மோட்டார் ஓடியதாகக் காட்டும். ஆனால் இப்போது நம்பர் இருக்காது. கையால் போட்டது என்று மட்டும் இருக்கும். அவர் முறை நாளிலும் அப்படியே. வீட்டு மாடியில் துணி உலர்த்தும்போது பார்ப்பேன், ஓரகத்தி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பில் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருப்பார். ஒரு கிலோமீட்டர் இருக்கும். போனில் தொட்டால் முடிகிற வேலைக்கு இந்த வெயிலில் நடப்பானேன்? எனக்கு விடை உடனே கிடைத்தது. போனில் போட்டால் நம்பர் பதிவாகும். கையால் போட்டால் யார் போட்டது என்பதற்குத் தடயம் இல்லை. ஒரு தடவை மாட்டிக்கொண்டவர் இப்போது உஷாராகிவிட்டார்.

நானும் உஷாரானேன். மோட்டார் ஓடுகிறதா, எத்தனை நிமிஷம், எந்த முறையில் என்று போனைத் திறந்து திறந்து பார்ப்பேன். வெயிலில் எழுத்து தெரிய வேண்டுமே என்று திரை வெளிச்சத்தை முழுசாக வைத்திருந்தேன். சேறு படாமலிருக்க உரச்சாக்கின் உள்கவரை வெட்டிப் போனை அதில் போட்டு இறுக்கிக் கட்டி இடுப்பில் செருகிக்கொள்வேன். வயலில் சார்ஜ் குறைந்தால் தகரக் கொட்டகையில் மாட்டி வைப்பேன். எடுக்கும்போது போன் அப்போதுதான் இறக்கிய தோசைக்கல் மாதிரி கொதிக்கும். பேட்டரி மேலும் மோசமானது. அதன் பிறகுதான் மயிலாடுதுறைக்குப் போய் புது பேட்டரி போட்டேன். பத்து நாளாகியும் பழைய கதைதான்.

மஸ்கட்டிலிருந்து கணவர் பேசும்போது சொன்னேன்.

"சும்மா இருக்கும்போது டேட்டாவை அணைச்சு வை. வயல்ல டவர் சரியா கிடைக்காது. டவரைத் தேடித் தேடியே சார்ஜ் போயிடும்" என்றார்.

டேட்டாவை அணைத்து வை என்று இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறவரை எப்படி எடுத்துக்கொள்வது? அண்ணி மேல் அவருக்கு எப்போதும் பரிவு உண்டு. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. இப்போது எழுதும்போது கூசுகிறது, அப்போது கூசவில்லை.

பதினோராம் நாள் என் முறை. காலை ஒன்பது மணிக்கே சார்ஜ் நாற்பதுக்கு இறங்கிவிட்டது. அந்த வாரம் கரண்ட் பிற்பகலில்தான் வந்துகொண்டிருந்தது. அதற்குள் கடைக்காரரை ஒரு கை பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று பஸ் ஏறினேன். பஸ்ஸிலும் ஏழெட்டு தடவை திறந்து பார்த்தேன். கடையில் போனை மேசைமேல் வைக்கும்போது அது அணைந்திருந்தது.

"நீங்க போட்டது புது பேட்டரியே இல்லை" என்றேன், கடையில் இருந்த மற்றவர்களுக்கும் கேட்கும்படி.

அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. போனைச் சார்ஜில் மாட்டி, உயிர் வந்ததும் செட்டிங்கில் பேட்டரி என்ற இடத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். எந்த வேலைக்கு எவ்வளவு சார்ஜ் போனது என்று ஒரு பட்டியல் இருந்தது. முதலில் மோட்டார் ஆப். மற்றதெல்லாம் எங்கேயோ கீழே கிடந்தது.

"பேட்டரி நல்லா இருக்குக்கா. நீங்கதான் அதைத் தூங்க விட மாட்டேங்கிறீங்க. நேத்து ஒரு நாள்ல மட்டும் இதை நூறு தடவைக்கு மேல திறந்திருக்கீங்க. திரையும் முழு வெளிச்சத்துல இருக்கு." கவரைத் தூக்கிப் பார்த்தார். "இதைச் சுத்தி வைக்காதீங்க, சூடு வெளியே போகாது. வெந்துக்கிட்டிருக்கிற கொட்டகையில சார்ஜும் போடாதீங்க. வீட்ல நிழல்ல போடுங்க, எம்பது தொண்ணூறு வந்தா எடுத்திடுங்க. அது போதும்."

பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "அப்படி என்னக்கா பாத்துக்கிட்டே இருக்கீங்க?"

என் வீட்டு ஜன்னலை யாரோ வெளியிலிருந்து திறந்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து மெசேஜ்கள் வந்து விழுந்தன. பத்து நாற்பதுக்கு மும்முனை மின்சாரம் வந்துவிட்டது. பதினொன்று பத்துக்கு மோட்டார் ஓட ஆரம்பித்திருக்கிறது. கையால் போட்டது.

நூறு தடவை பார்த்தது வீண் இல்லை என்று தோன்றியது. இன்று என் முறை, நான் ஊரில் இல்லை, மோட்டார் ஓடுகிறது. இதைவிடக் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது. ஆறு சதவீதம் ஏறியிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வழி முழுக்க என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். போனைத் திறக்கவில்லை, சண்டையில் காட்டச் சார்ஜ் வேண்டும்.

வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்குப் போனேன். ஓரகத்தி வாய்க்காலில் கணுக்கால் தண்ணீரில் நின்று மண்வெட்டியால் மண்ணை அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். முகம் வெயிலில் கன்றியிருந்தது.

"இன்னைக்கு யார் முறைங்க?" என்றேன்.

"உன் முறைதான்."

"அப்ப மோட்டாரை ஏன் போட்டீங்க?"

அவர் நிமிர்ந்து, மண்வெட்டிக் காம்பால் எதிர்ப்பக்கம் காட்டினார். என் மடை திறந்திருந்தது. என் நாற்றங்கால் நிறைந்து, நாற்றின் நுனி மட்டும் மேலே தெரிந்தது. அவர் மண் வைத்து அடைத்துக்கொண்டிருந்தது தன்னுடைய மடையை, ஒரு சொட்டுத் தண்ணீர் தன் பக்கம் கசியாமல்.

"கரண்ட் வந்து கால் மணி நேரம் பாத்தேன், மோட்டார் சத்தம் இல்லை. உனக்குப் போட்டா ஆஃப்னு வருது. போன தடவையும் அப்படித்தான், அதுக்கு முன்ன தடவையும் அப்படித்தான். நாத்து என்ன பண்ணும் பாவம்."

எனக்கு அப்போதும் விடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அதுக்கு எதுக்கு அக்கா இந்த வெயில்ல நடந்து வரணும்? போன்லயே போட்டிருக்கலாமே?"

அவர் என் கண்ணைப் பார்த்தார்.

"என் நம்பரைத்தான் நீ எடுத்துட்டியே."

இடுப்பிலிருந்த பட்டன் போனை எடுத்துக் கையைத் துடைத்துவிட்டு, தேடிக் காட்டினார். உங்கள் நம்பர் நீக்கப்பட்டது என்று ஸ்டார்ட்டர் அவருக்கு அனுப்பியிருந்தது. நாங்கள் பேசிய அதே சாயங்காலம். அத்தனை நாளும் அந்த மெசேஜை வைத்துக்கொண்டுதான் அவர் தன் முறைக்கும் நடந்திருக்கிறார், என் முறைக்கும் நடந்திருக்கிறார். நான் மாடியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா" என்றேன்.

"கேட்டா தெரியாமப் போச்சுன்னு சொல்லுவ. அதை நான் நம்பணும்" என்றார். பிறகு குனிந்து மடையை மிதித்து இறுக்கினார்.

வரப்பில் நின்றபடியே அவர் நம்பரைச் சேர்க்கச் சொல்லி மெசேஜ் அனுப்பினேன். இந்தத் தடவை பதில் வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நம்பர் சேர்ந்தது என்று வந்தபோது இரண்டு சதவீதம் இருந்தது. அவருடைய போனும் இடுப்பில் சத்தம் போட்டது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை.

கடைக்காரர் சொன்னபடிதான் இப்போது நடக்கிறேன். உரச்சாக்குக் கவர் போய்விட்டது, திரை வெளிச்சம் பாதியாகிவிட்டது. மோட்டார் ஆப்பை மெசேஜ் வந்தால்தான் திறக்கிறேன். அதே பேட்டரிதான், சாயங்காலம் விளக்கு வைக்கும்போதும் பாதிக்கு மேல் நிற்கிறது. நாற்றும் தேறி, நடவும் முடிந்துவிட்டது. ஓரகத்தியின் நம்பர் ஸ்டார்ட்டரில் இருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன், இருக்கிறது. அவர் முறை நாளில் கரண்ட் வந்ததும் மாடிக்குப் போய்ப் பார்ப்பேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இன்னமும் கொட்டகைக்கு நடந்துதான் போகிறார்.