தலைக்குள் ஊறும் நீர்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாளுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் எந்தக் கடைத் துணி, யார் வீட்டுக் கல்யாணம் என்று எல்லாம் விசாரித்த பிறகுதான் அளவு எடுப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். தையலில் மட்டும் குறை சொல்ல முடியாது.

அவள் கணவர் அழகர்சாமி முசிறி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்த மனிதர், போன வருஷம் வீட்டுக்குள்ளேயே கால் நகராமல் நின்றார். தரையில் பசை போட்டு ஒட்டியதுபோல் பாதம் எழும்பவில்லை. மறதி வந்தது. பாத்ரூம் போவதற்குள் வேட்டி நனைந்தது. வயசாகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம்.

"எதிர்வீட்டு மாமாவுக்கு இவரவிட வயசு அதிகம். அவரு மட்டும் எப்படி நடக்குறாரு?" என்றாள் சந்திரம்மாள்.

தில்லைநகரில் ஸ்கேன் பார்த்த டாக்டர் அக்னஸ், மூளைக்குள் நீர் சேர்ந்திருக்கிறது, தலையில் ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார். "தலையில கத்தி வைக்க விடமாட்டேன்" என்று சந்திரம்மாள் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தலையில் நீர் கோத்தால் நம் வீடுகளில் என்ன செய்வோமோ அதையே செய்தாள். நொச்சி போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். தலைக்குக் குளிக்க விடவில்லை. குடிக்கிற தண்ணீரையும் பாதியாகக் குறைத்தாள். மனிதர் மயங்கி விழுந்தார். எனக்கு வந்த கோபத்தில் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி, மறுபடி டாக்டரிடம் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

"குடிக்கிற தண்ணி இல்லம்மா இது. மூளைக்குள்ளயே ஊறுற நீர். எல்லாருக்கும் இருக்கு. மூளை அதுலதான் மிதக்குது" என்றார் டாக்டர்.

"தினமும் ஊறுதா? அப்ப எங்க போகுது?"

"ரத்தத்துல கலந்துடும். இவருக்கு அது சரியா நடக்கல. முதுகுல ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம்."

"தலையில இருக்கறத முதுகுலயா எடுப்பீங்க?"

"ரெண்டு இடத்துலயும் ஒரே நீர்தாம்மா. மேலேயும் கீழேயும் போயிட்டு வரும்."

சந்திரம்மாள் கண்ணை விரித்துக் கேட்டாள். ஊசிக்குச் சம்மதித்தாள்.

ஊசி போடுகிற அன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் திரும்புவதற்கே அவரை நர்ஸ் பிடிக்க வேண்டியிருந்தது. ஊசி போட்டு எடுத்த நீர் ஒரு சின்ன டம்ளர்கூட இருக்காது. சாயங்காலம் மறுபடி நடக்கச் சொன்னார்கள். எழுந்தார். காலை எடுத்து வைத்தார். கோடி வரை போய், யாரையும் பிடிக்காமல் திரும்பி, "போலாம், ரைட்!" என்றார்.

சந்திரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இது நிலைக்காதும்மா. ஒண்ணு ரெண்டு நாள்ல பழையபடி ஆயிடலாம்" என்றார் டாக்டர். "நிலைக்கணும்னா தலையிலேர்ந்து வயித்துக்கு நீர் வடியத் தோலுக்கடியில ஒரு குழாய் வைக்கணும். அதுல ஆபத்தும் இருக்கு. எல்லாருக்கும் ஒரே மாதிரி குணமாகும்னும் சொல்ல முடியாது. கேக்க வேண்டியதெல்லாம் கேளுங்க."

இவள் கேட்டு முடித்து இன்று வீட்டுக்குப் போன மாதிரிதான் என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன். அவள் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைக்கு வச்சுக்கலாம் டாக்டர்?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.