அம்மாவுக்கு நான் வாங்கிக்கொடுத்த வேலை

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் முழுக்க, வீடு எங்கே என்று யார் கேட்டாலும் மாட்டுங்கா என்றுதான் சொன்னேன். அது பொய் இல்லை. எங்கள் பேட்டையின் பெயர் மாட்டுங்கா லேபர் கேம்ப். கடைசி இரண்டு சொற்களை மட்டும் வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிவிடுவேன். அந்த இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொன்னால் நீங்கள் தாராவிக்கு வந்துவிடுவீர்கள். சேர்க்காமல் விட்டால் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பூக்கடையும் கோயிலும் டிகிரி காபியுமாக இருக்கிற மாட்டுங்காவில் நிற்பீர்கள். இவ்வளவு குறைந்த உழைப்பில் வீடு மாறியவர்கள் இந்த ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது.

என் வகுப்பில் ஒரு நிஜ மாட்டுங்காக்காரி இருந்தாள். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கோயிலுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற குடும்பம்.

"கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமாடி?" என்று முதல் வாரமே கேட்டாள்.

"அந்தப் பக்கம்" என்றேன். அதுவும் பொய் இல்லை. ரொம்ப அந்தப் பக்கம்.

இரண்டாம் வருடத்தில் இந்த வித்தைக்கெல்லாம் அவசியமில்லாமல் போயிற்று. ஏதோ ஒரு அறக்கட்டளை, கல்லூரி மாணவர்களில் சிலரைப் பொறுக்கியெடுத்துத் தலைவர்களாக ஆக்கப்போவதாக நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வந்தது. ஒரு வருடப் பயிற்சி, அதில் இரண்டு மாதம் வெளிநாட்டில். விண்ணப்பத்தில் மூன்று கேள்விகள்: உன் குடும்பப் பின்னணி என்ன, நீ யார், என்ன ஆகப்போகிறாய். பத்தொன்பது வயதில் பதில் தெரியவே தெரியாத மூன்றையும் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்ததை எழுதினேன். அப்பா பேக் தைக்கிற பட்டறையில் மேஸ்திரி. அம்மா செம்பூரில் ஒரு பியூட்டி பார்லரில் சீனியர் பியூட்டிசியன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்தது சயான் ஆஸ்பத்திரியில். ஊருக்குப் போனால் என்னை பம்பாய்க்காரி என்பார்கள், கல்லூரியில் மதராசி. தமிழ் நன்றாகப் பேசுவேன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். (இப்போது பரவாயில்லை.) கம்பெனி செக்ரட்டரி ஆவது என் ஆசை.

கல்லூரியில் இந்த விண்ணப்பங்களுக்குப் பொறுப்பான மேடம் அதைப் படித்துவிட்டு, அழுகல் தக்காளியைத் திருப்பிப் பார்ப்பதுபோலத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எதுவும் இல்லை.

"இதில் உன் போராட்டம் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அக்கவுன்ட்ஸ் பேப்பரில், மேடம்."

அவர் சிரிக்கவில்லை. முகவரிச் சான்றைப் பார்த்தார். பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்தது. என்னை அதுவரை யாரும் அவ்வளவு பாசத்தோடு பார்த்ததில்லை. "நீ தாராவியா! இதை முதல் வரியிலேயே போட வேண்டாமா?"

ஒரு வருடமாக நான் மென்று விழுங்கியதையெல்லாம் மேடம் ஒரே மதியத்தில் வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார். மேஸ்திரியாக இருந்த அப்பா தினக்கூலி ஆனார். பிறகு அம்மாவுக்கு வந்தார்.

"உன் அம்மா யார் வீட்டுக்காவது போய் வேலை செய்வதுண்டா?"

"கல்யாண சீசனில் மணப்பெண் அலங்காரத்துக்குப் போவாள், மேடம்."

"அப்படியானால் வீடுகளுக்குப் போய் வேலை செய்கிறவர்தானே? அப்படியே எழுது. நாம் எதையும் பொய்யாகச் சொல்லப்போவதில்லை."

மாட்டுங்காவைப் பாதியில் வெட்டியவளுக்கு இந்தத் தொழில்நுட்பம் உடனே புரிந்தது. மேடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வாயால் சொன்னார். 'என் தாயார் பல வீடுகளில் வேலை செய்து என்னைப் படிக்கவைக்கிறார்' என்று டைப் அடித்தவை என் விரல்கள். கம்பெனி செக்ரட்டரி யார் நெஞ்சையும் தொடாது என்பதால் அதற்குப் பதில் தாராவிக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறப்பது என் லட்சியம் ஆயிற்று. எனக்குக் குழந்தைகளைப் பிடிக்காது. எங்கள் கீழ்வீட்டுக் குழந்தைகளுக்கு அது நன்றாகவே தெரியும்.

நிஜ மாட்டுங்காக்காரியும் விண்ணப்பித்திருந்தாள். கேன்டீனில் என் தாளைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"ஒனக்கென்னடி, தாராவி இருக்கு. எனக்கு என்ன இருக்கு சொல்லு? அப்பா பேங்க், அம்மா பேங்க். கஷ்டம்னு சொல்லிக்க ஒண்ணுமே இல்லை. தாத்தா ஒரே ஒரு டிரங்குப் பெட்டியோட தாதர்ல வந்து எறங்கினார்னு எழுதியிருக்கேன். பெட்டிக்குள்ள என்ன இருந்ததுன்னு கேட்டா செத்தேன்."

லேபர் கேம்ப் என்று தெரிந்த பிறகும் அவள் என்னோடு பழையபடியே பழகினாள் என்பதையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறாமை மட்டும் கூடியிருந்தது.

வீட்டில் அம்மா விடவில்லை. பார்லரிலிருந்து வந்து, பையைக் கூட வைக்காமல், "ஏட்டி, அந்த ஃபாரத்துல என்ன எழுதியிருக்கன்னு படி, கேப்போம்" என்றாள். அவளுக்கு ஆங்கிலத்தில் ஃபேஷியல், ஃபுல் ஆர்ம்ஸ், பேமென்ட் ஆன்லைனா என்பது வரைதான் வரும். நான் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாத ஒன்றைத் தமிழில் வாசித்தேன். என் அம்மா செம்பூரின் மிகச் சிறந்த பியூட்டிசியன், அவர் கை பட்டால்தான் புருவம் சரியாக வரும் என்று வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்கள், என்றேன். அம்மா பையைக் கீழே வைத்தாள்.

"வாக்ஸிங்கும் நாந்தான் பாக்கேன்னு போட்டியா?"

"போட்டிருக்கேன்."

"நல்லாத்தான் எழுதியிருக்கா" என்றாள் அப்பாவிடம்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. முதல் சுற்றில் தேறிவிட்டேன். அடுத்தது வீட்டைப் பார்க்க வருவார்கள், சனிக்கிழமை காலை. மேடமும் கூட வருவார். முந்தின நாள் போன் செய்து சொன்னார்: "வீட்டை இருக்கிறபடியே வைத்திரு. எதையும் அலங்கரிக்காதே. டிவி பெரிதாக இருந்தால் ஒரு துணி போட்டு மூடிவிடு."

இருக்கிறபடியே என்றால் துணி எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவோ நேர் எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தாள். புதுத் திரைச்சீலை வாங்கினாள். மாடிக்கு ஏறுகிற இரும்பு ஏணிக்கு பெயின்ட் அடிக்கச் சொல்லி அப்பாவை விரட்டினாள். மாடி அறை ஏசியைக் காலை எட்டு மணிக்கே போட்டுவிட்டாள், வருகிறவர்கள் வியர்த்துவிடக் கூடாதாம். நான் டிவிமேல் போர்த்திய துணியை மூன்று முறை எடுத்தாள்.

"தூசி விழும்மா."

"வீட்டுக்கு ஆளு வரும்போது எவளாச்சும் டிவிய மூடுவாளாட்டி?"

அறக்கட்டளையிலிருந்து கைத்தறிப் புடவையில் ஒரு அம்மையாரும், கேமராவோடு ஒருவரும் வந்தார்கள். கேமராக்காரர் சந்தின் நுழைவிலிருந்தே சாக்கடையைப் படமெடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வாசலுக்கு வந்ததும் கேமராவை இறக்கிவிட்டார். பளபளவென்று பச்சை பெயின்ட் அடித்த ஏணியில் எடுக்க என்ன இருக்கிறது?

மாடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். அம்மா பார்லருக்குப் போகிற அதே மேக்கப்பில், லிப்ஸ்டிக்கும் மெரூன் நகப்பூச்சுமாக வந்து டீ கொடுத்தாள். மேடம் அந்த நகங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்பா விருந்தாளியின் கேமராப் பையை மடியில் எடுத்து வைத்து, தையலைத் தடவி, "ஜிப் டூப்ளிகேட்" என்று இந்தியில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். கைத்தறி அம்மையார் நல்லவர். உண்மையாகவே கனிவோடு அம்மாவின் பக்கம் திரும்பி, இந்தியில் கேட்டார்: "எத்தனை வீட்டில் வேலை செய்கிறீர்கள், அம்மா?"



அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பல வருடமாகப் புருவங்களை மட்டுமே பார்த்து, முகத்துக்குள் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்கிறவள் அவள். என்னைப் படிக்க அவளுக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. கையிலிருந்த தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். விரல்கள் தட்டுக்குப் பின்னால் மறைந்தன.

"தீன் கர்" என்றாள். மூன்று வீடு.

எனக்காக அவள் அந்த ஒரே பதிலில் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். மூன்று வீடு என்று கணக்காகச் சொன்னாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பத்து வீடு என்றால் நம்ப மாட்டார்கள், ஒன்று என்றால் போதாது என்று அந்த ஒரு நொடிக்குள் யோசித்திருக்கிறாள்.

அப்பாவுக்கு எதுவும் விளங்கவில்லை. ஜிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏளா, என்ன சொல்லுத? நீ பார்லர்லல்லா வேல பாக்க?" பிறகு விருந்தாளிகளுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, இந்தியில் தெளிவாகச் சொன்னார்: "செம்பூர்ல பியூட்டி பார்லர். சீனியர்."

கைத்தறி அம்மையார் கையிலிருந்த தாளைப் புரட்டினார். மேடம் திரைச்சீலையின் பூ வேலைப்பாட்டை மிகுந்த ஈடுபாட்டோடு ஆராய ஆரம்பித்தார். அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அதில் எழுதியிருப்பது தப்பு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "நான்தான் எழுதினேன். என் அம்மா யார் வீட்டிலும் வேலை செய்யவில்லை. அப்பா தினக்கூலி இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற எண்ணமும் இல்லை."

கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்கவில்லை. உண்மை சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, மரியாதையாகத்தான் கிளம்பினார்கள். அம்மா ஏணி வரை போய், "பார்த்து எறங்குங்க, பெயின்ட் ஈரமா இருக்கு" என்று இந்தியில் எச்சரித்தாள். புடவைத் தலைப்பில் பச்சை ஒட்டிக்கொண்டதா என்று தெரியாது.

அதன்பிறகு அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என்னிடம் பேசவே இல்லை. "அவள சாப்பிடச் சொல்லுங்க" என்பதுகூட அப்பா வழியாகத்தான் வந்தது. எங்கள் வீட்டின் நீளத்துக்கு ஒருவர் வழியாக இன்னொருவர் பேசுவது சுலபமான காரியம் அல்ல. மூன்று பேரும் ஒருவர் முழங்காலில் ஒருவர் இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம்.

ஒரு வாரம் கழித்து அறக்கட்டளை என் ஆர்வத்துக்கு நன்றி தெரிவித்து மெயில் அனுப்பியது. டிரங்குப் பெட்டி தேர்வாகிவிட்டது. அந்தப் பெண் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான்தான் அவளைத் தேற்றி, வெளிநாட்டுக் குளிருக்கு எந்த மாதிரிப் பை நல்லது என்று அப்பாவிடம் கேட்டுச் சொன்னேன்.

மெயில் வந்ததை அப்பாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பாமலே, "ஞாயித்துக்கெழம என்கூட செம்பூர் வா" என்றாள். எட்டு நாளில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம்.

பார்லருக்குள் அதற்கு முன் நான் போனதே இல்லை. அம்மா அங்கே வேறு ஆள். வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் அவளுக்காகவே காத்திருந்தார்கள். அன்று தமிழில் நான் இட்டுக்கட்டி வாசித்தது ஏறக்குறைய உண்மை. புருவம் திருத்துகிற நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் குனிந்தால், எந்தப் பெரிய ஆபீஸ் மேனேஜரம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். "தலையை ஆட்டாதீங்க" என்றாள் ஒருவரிடம். அவர் ஆட்டவில்லை. நான் முடி கூட்டினேன், வாக்ஸ் சூடாக்கினேன், நாள் முழுக்க நின்றேன். காலில் ரத்தம் கட்டிக்கொண்டதுபோல் வலித்தது. ஒருமுறைகூட உட்காரு என்று அம்மா சொல்லவில்லை.

மூன்று மணிக்குத்தான் சாப்பாட்டு டப்பாவை எடுத்தோம். கூட வேலை செய்கிற மராத்திக்காரப் பெண், மகளுக்கு ஏதோ ஃபாரின் விஷயம் என்றாயே, என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"கிடைக்கவில்லை" என்றாள் அம்மா இந்தியில். டப்பாவின் மூடியை நிதானமாகத் திறந்தாள். "என்னைப் பற்றிக்கூட எழுதியிருந்தாள். சீனியர் பியூட்டிசியன் என்று."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. 

சாப்பிட்டுக் கைகழுவியதும், மராத்திக்காரப் பெண் சிரித்துக்கொண்டே தன் முன்கையை நீட்டி, "நீயும் கொஞ்சம் கற்றுக்கொள்" என்றாள். அம்மா என்னிடம் நூலைக் கொடுத்தாள். பல்லில் கடித்து, விரலில் முறுக்கி, ஒரே இழுப்பு. முடி அப்படியே இருந்தது, தோல் வந்துவிட்டது. அந்தப் பெண் மராத்தியில் சொன்னதை இங்கே எழுத முடியாது. அம்மா சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒனக்கு அந்தக் கம்பெனி செக்ரட்டரிதாம்ட்டி சரி. வேற ஒண்ணும் வராது" என்றாள்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. அது என்ன வேலை, பாஸுக்கு ஃபைல் தூக்கிக்கொண்டு பின்னால் போவதா என்று கேட்டாள். இல்லை, கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கிற வேலை என்று சொல்லி, சட்டம், போர்டு மீட்டிங், ரிட்டர்ன் என்று ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தேன். அந்த வேலைக்கான பரீட்சையின் முதல் கட்டத்தை அடுத்த வருடம் இரண்டாவது முயற்சியில்தான் தாண்டினேன். அன்று எனக்கே அதில் பாதி தெரியாது. இருந்தாலும் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் சுன்னாபட்டி வருவதற்குள் அம்மா என் தோளில் தூங்கிவிட்டாள்.