பினாயில் ஊற்றிய எருக்குவியல்

அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் கலியபெருமாள் அண்ணனின் மைத்துனர் போன் செய்தார். "மாமா போயிட்டாங்க. கொல்லையில தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தவங்க அப்படியே விழுந்துட்டாங்க" என்றார்.  அண்ணனின் ஊரான கோட்டுச்சேரி போய்ச் சேரும்வரை, இனி அண்ணியின் கதி என்ன என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மின்துறை அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. பில் தகராறு என்று யார் கத்திக்கொண்டு வந்தாலும் முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். தண்ணீர்ப் பந்தல் என்று அவரைக் கேலி செய்வோம்.

ஒரே மகன் பைக் விபத்தில் போன பிறகு அமிர்தம் அண்ணி படுக்கையை விட்டு எழவில்லை. வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. கொல்லையில் தானாக முளைத்த ஒரு கத்தரிச்செடி காய்த்தபோதுதான் எழுந்து வந்து பறித்தார். அன்றிலிருந்து அண்ணன் கத்தரியைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் அந்த மண்ணில் வாடல் நோய் இருந்தது. காய்க்கும் சமயத்தில் செடி நின்றபடியே துவண்டுவிடும். செடி துவண்டால் அண்ணியும் போய்ப் படுத்துக்கொள்வார். அண்ணன் அடிக்காத மருந்தில்லை. கடைசியில் வேளாண் அலுவலகத்தில் விரிடி என்றொரு தூளைக் கொடுத்தார்கள். நோய்ப் பூஞ்சையை மண்ணுக்குள்ளேயே அழிக்கும் நல்ல பூஞ்சை அது. முதல் தடவை அதை எருவில் கலந்து வெயிலில் போட்டுக் கொன்றுவிட்டார். "இது உசுருள்ளது தம்பி. நெழலு வேணும், ஈரம் வேணும். புள்ள மாதிரி பாக்கணும்" என்று அப்புறம் எனக்கே பாடம் எடுத்தார்.

போன பருவத்தில் அப்படி வளர்த்த எருவைப் போட்டும் எல்லாம் வாடி, ஒரு செடி மட்டும் தப்பித்தது. "ஒன்னு நிக்குது தம்பி. காலையில அவ எந்திரிச்சுப் போயி அது பக்கத்துல நிக்கிறா" என்றார். 

இந்தப் பருவத்துக்கு விரிடி கலந்த எருவைப் பெரிய குவியலாகவே போட்டிருந்தார். போன வாரம் அதன் மேல் மூடியிருந்த ஈரச்சாக்கைத் தூக்கிக் காட்டினார். எருவெல்லாம் அந்தப் பூஞ்சை வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. நாற்று தயாராக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது வீட்டைக் கழுவி முடித்திருந்தார்கள். கொல்லை முழுக்கப் பினாயில் வாடை. ஓடிப்போய்ச் சாக்கைத் தூக்கினேன். குவியல் பினாயிலில் நனைந்து கிடந்தது; பூஞ்சை செத்திருக்கும். உறவுக்காரப் பெண் ஒருவர், "சாணியில பூஞ்சணம் புடிச்சுக் கெடந்துச்சுங்க. நாலு பேரு வந்து போற வீடாச்சேன்னு ஊத்துனேன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தூள் மறுபடி கிடைக்கும். ஆனால் அதைப் பக்குவமாக வளர்க்க அண்ணன் இல்லை. நான் பார்த்திருக்கிறேனே தவிர, செய்ததில்லை. ஈர வேட்டியோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

என் அழுகை கேட்டு அண்ணி எழுந்து வந்தார். பெண்கள் தடுத்தார்கள், கருமாதி முடியாமல் கொல்லைப் பக்கம் போகக்கூடாது என்றார்கள். அவர் கையை உதறிவிட்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன்.  அண்ணி போய்த் தப்பித்திருந்த அந்தச் செடியின் அடியில் உட்கார்ந்து, வேரோரத்து மண்ணை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார்.

"அவுங்க வளத்தது இதுல இருக்கும்ல தம்பி?"

"இருக்கும் அண்ணி" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

"அப்ப மக்குன சாணி கொண்டாங்க."

போய் வாருங்கள், அண்ணே. அந்த மண்ணில் எது பிழைத்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி எல்லாம் வாடினால் அண்ணிக்கு என்ன பதில் சொல்வேன் என்றும் தெரியவில்லை. சாணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். உங்களைப் போலவே நிழல் பார்த்து உட்கார்ந்து, அழுதுகொண்டே அவர் அந்த மண்ணைச் சாணியோடு பிசைந்துகொண்டிருக்கிறார்.